அடிக்கு ஒரு நூல்

கப்பல் மாதிரி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வரவேற்பறை ஷோகேஸில் நிற்கும் பாய்மரக் கப்பல்தான். நல்ல மரம், நுணுக்கமான கை, கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு தச்சர் அதைச் செய்துவிடுவார். விக்டோரியா மகாராணி ஆட்சியின் நடுவில் கடலுக்கு வந்த இரும்புப் போர்க்கப்பல் வேறு ஜாதி. அதில் தச்சருக்கு வேலை குறைவு. டர்னருக்கும் ஃபிட்டருக்கும் தகடு வேலைக்காரருக்கும்தான் வேலை அதிகம். அதன் மாதிரியைச் செய்யவும் அவர்களே வேண்டும். அந்தக் கணக்கில், கடலே கண்ணில் படாத அம்பத்தூரும் ஆவடியும் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களைவிட இதற்குத் தோதான இடங்கள் என்பேன். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சந்துகளில் லேத் ஓடாத இடம் எது?

எந்தக் கப்பலைச் செய்வது? புகழ்பெற்றது ‘வாரியர்’. 1860-ல் லண்டன் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸில் நீரில் இறங்கியது, இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் மிதக்கிறது. அதைத்தான் உலகமே செய்கிறது. அதே பட்டறை இந்தியாவுக்கென்றே கட்டிய ஒரு கப்பலை நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதன் பெயர் மக்தாலா.

1868-ல் அபிசீனிய மன்னர் இரண்டாம் தியோதரஸ் மீது படையெடுக்க பம்பாயிலிருந்து ராபர்ட் நேப்பியர் தலைமையில் பெரும் படை போனது. அவர்கள் பிடித்த மலைக்கோட்டையின் பெயர்தான் மக்தாலா. பம்பாய்த் துறைமுகத்தைக் காக்க அதே ஆண்டில் கட்டத் தொடங்கிய இரண்டு இரும்புக் கப்பல்களில் ஒன்றுக்கு ‘அபிசீனியா’ என்றும் மற்றதற்கு ‘மக்தாலா’ என்றும் பெயரிட்டார்கள். இரண்டும் 1870-ல் நீரில் இறங்கின. மக்தாலாவை வடிவமைத்தவர் எட்வர்ட் ரீட்.

மெட்ராஸுக்கு ஏன் ஒன்று வரவில்லை என்று கேட்கலாம். வந்திருந்தால் எங்கே நிறுத்துவது? அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஓர் ஆணிகூட அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. பூந்தமல்லி முகாமுக்குப் போன வெள்ளைக்கார சிப்பாயும் அப்படி நனைந்துகொண்டுதான் இறங்கியிருப்பான். பிறகு கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களையும் 1881 புயல் உடைத்துப்போட்டது.

மாதிரிக்கு வருவோம். மக்தாலாவின் நீளம் 225 அடி, அகலம் 45 அடி, எடை 3,340 டன். இந்த வகைக் கப்பலுக்கு 1:96 அளவு பொருத்தமானது. அதாவது அசலில் ஓர் அடி என்பது மாதிரியில் எட்டில் ஒரு அங்குலம். நம் தச்சரும் கொத்தனாரும் எட்டில் ஒரு அங்குலத்தை ‘ஒரு நூல்’ என்பார்கள். ஆகவே பட்டறையில் போய் விகிதமெல்லாம் விளக்க வேண்டாம். அடிக்கு ஒரு நூல் என்றால் முடிந்தது. 225 நூல் நீளம் என்பது 71 சென்டிமீட்டர் சொச்சம். மேசைமேல் வைக்கலாம், வீட்டில் சண்டை வராது.

உடலுக்குப் பலகை அடுக்கு முறையே போதும். அடிப்பாகத்திலிருந்து மேல்தளம் வரை கிட்டத்தட்ட பதினெட்டரை அடி; மாதிரியில் ஆறு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் பத்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் வரைபடத்தின் நீர்மட்டக் கோட்டுக்கு ஏற்ப அறுத்து, நடுவைக் குடைந்து, நீர் தாங்கும் பசையால் ஒட்டி, வெளியே படிக்கட்டுபோல் நிற்பதை ராவி எடுத்தால் கப்பலின் உடல் வந்துவிடும்.

பீரங்கிதான் ருசியான வேலை. இரண்டு சுழல்கோபுரம், ஒவ்வொன்றிலும் இரண்டு பீரங்கி. 10 அங்குல வாய், ஒன்றின் எடை 18 டன். மருந்தையும் குண்டையும் வாய்வழியே திணிக்க வேண்டும். எஃகுக் குழலின்மேல் தேனிரும்பு வளையங்களைச் சூடாக்கி மாட்டி, குளிரும்போது இறுகவிட்டுச் செய்வது உல்விச் பட்டறையின் முறை. அதனால் பின்பக்கம் பருத்து, படிப்படியாக இறங்கி, வாயருகே மெலியும். வெறும் டேப்பராகக் கடைந்தால் போச்சு. பார்த்தவுடன் பொய் என்று தெரியும். ஒவ்வொரு படியிலும் டூலை நிறுத்தி, விளிம்பை லேசாக உருட்ட வேண்டும். பித்தளை ராடில் கடைவது நல்லது. வாயின் துளை 2.65 மில்லிமீட்டர். முதலில் துளையைப் போட்டுவிட்டுப் பிறகு வெளிப்புறம் கடைய வேண்டும். மாற்றிச் செய்தால் துளை மையம் விலகி, முழு ஜாபும் வீண். நாலும் ஒன்றுபோல் வரவேண்டுமென்றால் தகட்டில் வெட்டிய ஓர் அச்சு கையில் இருக்கட்டும்.

சுழல்கோபுரத்தின் கதை ஆவடி வரை நீள்கிறது. பீரங்கியைக் கவசக் கூண்டில் வைத்துக் கூண்டையே திருப்பும் யோசனைக்கு கூப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரி 1859-ல் காப்புரிமை வாங்கினார். 1965-லிருந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா டாங்கியின் தலையும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான்.

கோல்ஸின் முடிவு கொடுமையானது. அவர் பிடிவாதமாகக் கட்டவைத்த ‘கேப்டன்’ என்ற கப்பலில் சுழல்கோபுரமும் இருந்தது, உயரமான பாய்மரங்களும் இருந்தன. தளமோ நீருக்கு மிகத் தாழ்வு. 1870 செப்டம்பர் 7 அதிகாலை, ஸ்பெயின் கடற்கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. இறந்த 470-க்கும் மேற்பட்டோரில் கோல்ஸும் ஒருவர். அந்தத் திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர் ரீட். தாழ்ந்த தளம் வேண்டுமா, பாய்மரத்தை விடு என்பது அவர் கட்சி. அதனால்தான் மக்தாலா நீராவியை மட்டும் நம்பியது. நடுவில் கவசச் சுவர் சூழ்ந்த மேடை. அதன் இரு முனையிலும் சுழல்கோபுரம். பம்பாய் வந்து சேரும் பயணத்துக்கு மட்டும் தற்காலிகமாகப் பாய்மரம் பொருத்தினார்கள். மாதிரியில் அதை வைக்காதீர்கள். கயிறும் பாயும் கண்ணைக் கவரும்தான். ஆனால் அது ரீடின் கப்பலாக இருக்காது.

நுணுக்க விவரங்களுக்கு எங்கே போவது? மக்தாலா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே குடும்பத்துக் கப்பலான ‘செர்பரஸ்’ மெல்பர்ன் அருகே ஹாஃப் மூன் பே கடற்கரையில் இன்னும் கிடக்கிறது. 1926-ல் அலைத்தடுப்பாக அங்கே மூழ்கடித்தார்கள். 1993-ல் அடிப்பாகம் நொறுங்கித் தளம் தாழ்ந்துவிட்டது. ஆனாலும் கோபுரங்கள் நீருக்குமேல் தெரிகின்றன. அதன் புகைப்படங்கள் நமக்குப் பெரிய உதவி. இரண்டும் அச்சு அசல் இரட்டையர் அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆணித்தலை விஷயத்தில் பலர் மயங்குகிறார்கள். பழைய கடிகாரப் பல்சக்கரத்தை மெல்லிய செம்புத் தகட்டில் உருட்டினால் வரிசையாகப் புள்ளி எழும், அழகாகவே இருக்கும். ஆனால் மாதிரியை ஓர் அடி தூரத்தில் பார்ப்பது அசலை 96 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து எத்தனை ஆணி கண்ணுக்குத் தெரியும்? பாதி மாதிரிகளுக்கு அம்மை போட்டதுபோல் இருப்பது இதனால்தான்.

மிதக்கவிட ஆசை இருந்தால் கணக்கு சுவாரஸ்யமாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 96-ல் ஒரு பங்கு. எனவே எடை 8,84,736-ல் ஒரு பங்கு. 3,340 பிரிட்டிஷ் டன்னுக்கு 3.84 கிலோ வருகிறது. பிளைவுட் உடல் அவ்வளவு கனக்காது. அடியில் ஈயம் வைக்க வேண்டும். அசலில் தளம் நீருக்குமேல் சுமார் மூன்றரை அடி. மாதிரியில் 11 மில்லிமீட்டர். பருத்திப்பட்டு ஏரியில் ஒரு படகு பக்கத்தில் போனால் போதும், தளம் முழுக்கத் தண்ணீர். முதல் சோதனை மொட்டைமாடித் தொட்டியிலேயே நடக்கட்டும்.

இன்னொன்று: 3.84 கிலோ கடல்நீருக்கான கணக்கு. ஏரித் தண்ணீர் அடர்த்தி குறைந்தது. அதே கோட்டில் மிதக்க 94 கிராம் குறைக்க வேண்டும். பித்தளைப் பீரங்கி ஒன்று இருபத்திரண்டு கிராம் தேறும், நாலையும் கழற்றினால் கிட்டத்தட்ட சரியாகிவிடும். அவ்வளவு பாடுபட்டுக் கடைந்ததை யார் கழற்றுவார்கள்? ஈயத்தில்தான் கை வைக்க வேண்டும். அதைக் குறைக்கக் குறைக்கக் கப்பல் கவிழப் பார்க்கும்.