கடைசி சீட்டில் ஏன் குமட்டுகிறது?

ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையை எட்டுவதற்குள்ளேயே பேருந்தின் பின்பக்கத்தில் யாராவது ஒருவர் பாலித்தீன் பை தேடத் தொடங்கியிருப்பார். அதே வளைவுகளில் அதே வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

பழக்கம் என்பார்கள். பழக்கமும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வண்டி எந்தப் பக்கம், எப்போது திரும்பப் போகிறது என்பது அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். பயணிக்குத் தெரியாது. நம் உட்காது ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குத் தகவல் போகிறது. முன்சீட்டின் முதுகையோ கையிலுள்ள செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, இந்த முரண்பாட்டின் விளைவுதான் தலைசுற்றலும் குமட்டலும். உட்காதின் இந்தச் சமநிலை உறுப்புகள் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் தொல்லை அதிகம். ஆகவே, வாந்தி எடுக்கும் பிள்ளையைத் திட்டுவதில் பொருளே இல்லை.

பிரிட்டனில் டர்னர், கிரிஃபின் என்ற இரு ஆய்வாளர்கள் 56 பேருந்துப் பயணங்களில் 3,256 பயணிகளிடம் தகவல் திரட்டி 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 28 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். முன்னால் போகும் சாலையே தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம், நன்றாகத் தெரிந்தவர்களைப் போல மூன்று மடங்கு பாதிப்பு இருந்தது. வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்னால் போகப் போக அசைவும் கூடியது, குமட்டலும் கூடியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குமட்ட வைப்பது பள்ளத்தில் விழுந்து எழும் குலுக்கல் அல்ல. ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில், இப்படியும் அப்படியும் மெல்ல ஆடும் ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டுகிறது. வினாடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை அதிரும் வேகமான குலுக்கல் முதுகெலும்பைப் பதம் பார்க்கிறது. பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில் இரண்டுமே அதிகம். அதனால் பயணச் சுகத்தில் பாதி, டிக்கெட் பதிவு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. மலைப்பாதை என்றால் சாலை தெரியும் முன்வரிசை. இரவு நெடுஞ்சாலை என்றால் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட நடுவரிசை. இருட்டில் வெளியே பார்க்க எதுவும் இல்லாதபோது தலையைச் சாய்த்து ஆடாமல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. காது சொல்வதை மறுக்கக் கண் இருக்காது.

மாத்திரை போடுபவர்கள் பெரும்பாலும் குமட்டல் தொடங்கிய பிறகுதான் போடுகிறார்கள். அதற்குள் இரைப்பையின் இயக்கம் மந்தப்பட்டுவிடுவதால் மருந்து குடலுக்குப் போய்ச் சேரவே தாமதமாகும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். புரோமெத்தசின் வகை மாத்திரைகள் தூக்கம் தருபவை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது கால். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 700 கிலோமீட்டர். இரவெல்லாம் உட்கார்ந்து போய்க் காலையில் இறங்கும்போது செருப்பின் வார் இறுக்கிப் பிடிக்கும், சாக்ஸ் போட்ட இடத்தில் வளையமாகத் தடம் விழுந்திருக்கும். பாதத்திலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை மேலேற்றும் வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைகளுடையது. நடக்கும்போது அவை சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன. உள்ளிருக்கும் வால்வுகள் ரத்தத்தைக் கீழே இறங்க விடுவதில்லை. மருத்துவர்கள் இதை இரண்டாம் இதயம் என்று சொல்வதுண்டு. உட்கார்ந்தே இருந்தால் அந்த இதயம் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

வீக்கம் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியானால்தான் ஆபத்து. 1940இல் லண்டனில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய நாட்களில், மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தார்கள். அவர்களில் சிலர் குண்டடி படாமலே திடீரென்று இறந்தார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்ததையும், காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததையும் தடயவியல் நிபுணர் கீத் சிம்ப்சன் எடுத்துச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது. விமானம், ரயில், பேருந்து, கார் எதுவானாலும் இதே கணக்குதான். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியது என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது, விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கி நடப்பது, இவை போதும். கால் வைக்கும் இடத்தில் பையைத் திணித்து அடைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நெடும்பயணத்தில் தண்ணீரும் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் பயணியை மட்டும் குறை சொல்ல முடியாது. இரவுப் பேருந்து ஏறும் நாளில் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் ஏராளம். பெரும்பாலான பேருந்துகளில் கழிவறை இல்லை; வண்டி நிற்கும் சாலையோர உணவகத்தில் இருப்பதோ தாழ்ப்பாள் இல்லாத கதவும் வழுக்கும் தரையும். மணிக்கணக்கில் சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி விடும் என்று தெரிந்தும் அவர்களுக்கு வேறு வழி இல்லை. பேருந்து எந்த உணவகத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், அங்கே பரோட்டாவைப் பார்ப்பதற்கு முன் பெண்கள் கழிவறையைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள் நெடும்பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். பயணம் முடிந்து சில வாரங்கள் வரைகூட ரத்தம் உறையும் அபாயம் நீடிக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும், அண்மையில் நெடுந்தூரம் பயணம் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள்.