நீர்ப்பரப்பும் கரை நீளமும்

புனே நகரையடுத்த கடக்வாசலாவில் ஓர் அணையின் நீர்த்தேக்கம் உள்ளது. இத்தகைய நீர்த்தேக்கத்தின் படத்தைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பை அறிவது களப்பணியாளர் கையாளும் முறையாகும். கட்டங்கள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பின் பிழையும் சிறுக்கும். கரையின் நீளத்திற்கு இவ்விதி பொருந்துமா?

கரை, 100 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டமாகச் செல்வதாகக் கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 141 மீட்டர். 10 மீட்டர் கட்டங்களின் விளிம்பு வழியே படிப்படியாக அளந்தால் 200 மீட்டர் கிடைக்கும். 1 மீட்டர் கட்டங்களிலும் அதே 200 மீட்டரே! பரப்பின் பிழையோ 500 சதுர மீட்டரிலிருந்து 50 ஆகக் குறைந்துவிடுகிறது.

நீருள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என மதிப்புப் பெறும் சார்பு ஒன்றைக் கருதுக. அது கரையில் மட்டுமே மாறுகிறது. அம்மாறுபாட்டின் மொத்த அளவே கரை நீளம். அது முடிவுள்ளதாயின், சார்பு வரம்புற்ற மாறுபாடுடையது எனப்படும். இத்தாலியக் கணித அறிஞர் டி ஜியார்ஜி 1954-இல் இவ்வழியே எல்லை நீளத்தை ஆராய்ந்தார். பரப்புகள் ஓர் உருவை நெருங்கும்போது, அவற்றின் எல்லை நீளங்கள் நெருங்கும் மதிப்பைவிட அவ்வுருவின் எல்லை குறுகலாம், மிகாது. மேற்கண்ட 200-உம் 141-உம் இதற்குச் சான்று. 1960-இல் பெடரர், பிளெமிங் ஆகியோர், திசையும் எல்லையும் உடைய 'கரன்ட்' என்னும் கருத்தால் இதனை உயர் பரிமாணங்களுக்கும் விரித்தனர்.

எனவே, பரப்பு சரியாயிருப்பதால் நீளமும் சரியெனக் கொள்ளற்க. கரை நீளத்தைக் குறிக்கும்போது அளந்த முறையையும் உடன் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை மாணவரைக் கொண்டே கட்டத்தாளில் செய்வித்தல் நலம்.