துப்பாக்கியும் உரிமமும் – 6: சந்தேகத்தின் பலன் யாருக்கு?

ஸ்காட்லாந்தின் டன்பிளேன் நகரில், 1996 மார்ச் 13 அன்று ஒருவன் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் வைத்திருந்தவை கள்ளத் துப்பாக்கிகள் அல்ல. எல்லாவற்றுக்கும் போலீஸ் உரிமம் இருந்தது.

அவனைப் பற்றிய எச்சரிக்கை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சிறுவர்களுக்காக அவன் நடத்திய கோடை முகாம் குறித்துப் புகார் எழுந்தபோது விசாரித்த போலீஸ்காரர் ஒருவர், 'இவன் நம்பத் தகாதவன், உரிமத்தைப் பறிக்க வேண்டும்' என்ற பொருளில் 1991-இல் மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். அவன் எந்த வழக்கிலும் தண்டனை பெற்றவன் இல்லை. போதிய ஆதாரம் இல்லை என்று மேலிடம் அதை ஒதுக்கியது. 1992-இலும் 1995-இலும் உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

படுகொலைக்குப் பிறகு பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆனால், விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பயன்படுத்தும் ஷாட்கன்களுக்கு உரிமம் தொடர்ந்தது. அதைத் தருவதும் பறிப்பதும் அந்தந்த வட்டாரக் காவல்துறைதான். விசாரணை நடத்திய நீதிபதி கல்லன், விண்ணப்பதாரர்களை நேரில் விசாரிக்கும் அலுவலர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று வலியுறுத்தினார்.

கால் நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்தின் பிளைமவுத்தில் என்ன நடந்தது? 2020 செப்டம்பரில் ஒரு பூங்காவில் இரண்டு பதின்பருவத்தினரைத் தாக்கிய இளைஞனிடமிருந்து, அந்த ஆண்டு டிசம்பரில் போலீஸ் ஷாட்கன்னைக் கைப்பற்றியது. 2021 ஜூலையில் திருப்பிக் கொடுத்தது. ஆகஸ்ட் 12 அன்று அவன் தன் தாயைச் சுட்டான். தெருவில் இறங்கி மேலும் நால்வரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் மூன்று வயதுச் சிறுமியும் அவளுடைய தந்தையும் உண்டு. 2023-இல் மரண விசாரணை முடிந்தபோது, உரிமப் பிரிவின் படுமோசமான தவறுகள் அம்பலமாயின. கல்லன் கேட்ட பயிற்சிக்கு நாடு தழுவிய ஏற்பாடு அப்போதும் இல்லை.

இரண்டு சம்பவங்களிலும் தகவல் போலீஸின் கையிலேயே இருந்தது. அதை எடைபோட்ட விதம்தான் தவறு. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் போவது நியாயம். அங்கே ஒருவரின் சுதந்திரம் பறிபோகிறது. உரிம மேசையில் அந்த அளவுகோல் பொருந்தாது. உரிமம் மறுக்கப்பட்டவர் யாரும் சிறைக்குப் போவதில்லை; மேல்முறையீடு செய்யவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தகுதியற்றவருக்குக் கொடுத்துவிட்டாலோ, மேல்முறையீடு செய்ய இறந்தவர்கள் வர முடியாது. ஆகவே இங்கே சந்தேகத்தின் பலன் பொதுமக்களுக்கே சேர வேண்டும்.

பிளைமவுத்துக்குப் பிறகு, மருத்துவரிடமிருந்து விண்ணப்பதாரரின் உடல், மனநலத் தகவலைப் பெறாமல் உரிமம் தரக் கூடாது என்று அரசு வழிகாட்டு விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால், அந்தத் தகவலைப் படித்து 'கூடாது' என்று எழுதும் பயிற்சியும் துணிவும் அலுவலருக்கு இருந்தால்தான் அந்த விதிக்கு உயிர் உண்டு.

அண்டை வீட்டாரிடமும் விசாரித்த பிறகே உரிமம் தரும் ஜப்பானைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.