உங்களுக்குத் தெரியுமா?

1935 மே மாதம். வந்த வியாபாரம் கைகூடாமல், அமெரிக்காவின் ஆக்ரன் நகர ஓட்டல் வரவேற்பறையில் தவித்து நின்றார் பங்குத் தரகர் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன; எதிரே மதுக்கூடம். அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். கால்மணி நேரம் பேசினால் போதும் என்று வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசினார். அந்தச் சந்திப்பில் பிறந்ததே, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு. குடியிலிருந்து மீள்வதற்கான 12 படிகள் 1939இல் அதன் நூலில் வெளிவந்தன. மதுவிடம் தோற்றதை ஒப்புக்கொள்ளும் முதல் படிதான் கடினம். அமைப்பில் சேரக் கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ என்ற அமைப்பு தனியாக உண்டு. ஒன்று மட்டும் கவனம்: நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.