ஒரு நிமிடம் சுற்றினால் இரண்டு மாதம்

மண்ணின் ஈரத்தை அளந்து கம்பியின்றி அனுப்பும் சென்சாருக்கு மிகச் சொற்ப மின்சாரமே போதும். மணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் லோரா வானொலி அலையில் சில பைட்டுகளை அனுப்பிவிட்டு உறங்கும் கருவிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 ஜூல் செலவாகும். ஒரு கிலோ அரிசியை அரை மீட்டர் உயரம் தூக்கும் உழைப்பு அது. கையால் சுற்றும் டைனமோ 10 வாட் தந்தால் ஒரு நிமிடத்தில் 600 ஜூல். அதில் பாதி வீணானாலும் மீதி இரண்டு மாதத்துக்கு வரும்.

மனித உழைப்பில் வானொலி இயங்குவது புதிதல்ல. ஆல்ஃபிரட் ட்ரேகர் உருவாக்கிய மிதி வானொலி 1929இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பண்ணைகளுக்கு வந்தது. மிதித்துக்கொண்டே மோர்ஸ் தந்தி அடித்து மருத்துவ உதவி கேட்டார்கள். ஏற்றம் மிதித்து நீர் இறைத்த தமிழ்நாட்டில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

சிக்கல் அனுப்பும் முனையில் இல்லை, வாங்கும் முனையில்தான் இருக்கிறது. லோரா நிலையம் இரவு பகலாக விழித்திருக்க வேண்டும். அது 5 வாட் எடுத்தால் நாளுக்கு 120 வாட்மணி. 50 வாட் வீதம் மிதிப்பவர் தினமும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் மிதிக்க வேண்டும். உழவர் மேல் அந்தச் சுமையை ஏற்றுவது வதை. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு வயல்களில் மின்சாரமோ சோலாரோ அதைப் பார்த்துக்கொள்ளும். மலைமேலோ ஒவ்வொரு சரிவும் அலையை மறைக்கும். ஒரு நிலையம் போதாது.

அங்கே பொருந்துவது வேறு வழி. சென்சார் அளவுகளைத் தனக்குள் சேமித்து வைக்கும். கொல்லைக்கு வருபவர் கைப்பிடியைச் சுற்றுவார்; பேட்டரி ஏறும், சேர்ந்த அளவுகள் புளூடூத் வழியே அவர் கைபேசிக்கு வந்துவிடும். வெள்ளிமலைச் சந்தைக்குப் போகும்போது சிக்னல் கிடைத்த இடத்தில் அவை இணையத்தில் ஏறும். செய்தியை ஆளோ வண்டியோ சுமந்து செல்லும் இந்த முறையைக் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரத்தில் டாக்நெட் திட்டம் பேருந்தைக் கொண்டு செய்து காட்டியது. சுற்றியவரே அளவை முதலில் பார்க்கிறார் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

மலையின் மானாவாரி மரவள்ளிக்கு இது நேரடியாக உதவும். கரணை ஊன்றும் ஆழம்வரை மழை இறங்கியதா, நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் நிலையா என்பதை மேல்மண்ணைப் பார்த்துச் சொல்வது கடினம். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் மலைக்கு அருகிலேயே இருக்கிறது. அந்நிலையம் மலைவாழ் உழவர்களின் கொல்லைகளிலேயே, அவர்கள் கையாலேயே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.