சட்டத்துறையில் இரண்டு வாசல்கள்

தடுத்தாட்கொண்ட புராணக் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்கு முதியவராக வந்த சிவபெருமான், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலையொன்றைக் காட்டினார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. கிழிக்கப்பட்டது படியோலைதான் என்று சொல்லி, முதியவர் மூலவோலையை எடுத்துக் கொடுத்தார். சபையோர் அதிலிருந்த எழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொன்னார்கள். இறைவனே வாதாட வந்தபோதும் வழக்கை வென்று கொடுத்தது பத்திரமே.

சில வாரங்களுக்கு முன் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றபோது, தாயொருவர் என்னிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் சட்டத்துறைக்குப் போக விரும்புகிறாளாம். ஆனால் 'பரலீகல்' படிக்கப்போவதாகச் சொல்கிறாளாம். "அது லோயற்ற கந்தோரிலை கிளாக் வேலைதானே, அண்ணை?" என்று கவலையோடு கேட்டார். இக்கேள்வி பல வீடுகளில் எழுவதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சட்டத் தொழிலில் பிரிவுகள் இருப்பது நமக்குப் புதிதன்று. இலங்கையில் நம் பாட்டன்மார் காலத்தில் அப்புக்காத்து வேறு, பிரக்கிராசி வேறு. பத்திரங்களை ஆயத்தம் செய்து கட்சிக்காரரோடு பேசுபவர் பிரக்கிராசி. மேல் நீதிமன்றத்தில் எழுந்து வாதிடுபவர் அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தது. ஒன்ராறியோவிலும் இன்று இரு வாசல்கள் உண்டு. ஆனால் இங்கே ஒரு வாசல் பெரிது, மற்றது சிறிது. பிரக்கிராசி முழுச் சட்டத்தரணியே, பரலீகல் அப்படியல்லர்.

இம்மாகாணத்தில் நெடுங்காலம் யாரும் 'முகவர்' என்று பலகை மாட்டிக்கொண்டு வழக்குகளை எடுத்து நடத்தலாம் என்ற நிலை இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் பீற்றர் கோரி இதை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தார். 2007 முதல் பரலீகல்களுக்கு உரிமம் கொடுத்து மேற்பார்வை செய்யும் பொறுப்பு, சட்டத்தரணிகளுக்கு உரிமம் வழங்கும் அதே சட்டச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்பதே. சட்டத்தரணியின் கீழிருந்து பணியாற்றுபவருக்கு இங்கே 'லோ கிளாக்' என்று பெயர். அவருக்கு உரிமம் வேண்டியதில்லை. உரிமம் பெற்ற பரலீகல் தம் பெயரிலேயே அலுவலகம் திறக்கலாம். குறிப்பிட்ட மன்றங்களில் தாமே எழுந்து வாதிடலாம். சிறு உரிமை நீதிமன்றம், போக்குவரத்துக் குற்ற வழக்கு, வீட்டுச் சொந்தக்காரர்–வாடகைக்காரர் சபை, குடிவரவு அகதிகள் சபை முதலியன அவருடைய எல்லைக்குள் வருவன. சிறு உரிமை நீதிமன்றத்தில் கோரக்கூடிய தொகை 2020இல் 35,000 டொலராகவும் 2025 ஒக்டோபரில் 50,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. அடித்தளத்தை வாடகைக்குக் கொடுத்திருக்கும் நம்மவர்க்கும், கடை நடத்துவோர்க்கும் இவை அன்றாட விடயங்களே. ஆனால் விவாகரத்து, மரணசாசனம், வீடு வாங்கி விற்றல் ஆகியவற்றைப் பரலீகல் செய்யலாகாது. அவற்றுக்குச் சட்டத்தரணியே வேண்டும்.

சட்டத்தரணியாவதற்குப் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டம், பின் மூன்றாண்டுச் சட்டக் கல்வி, தொழிற்பயிற்சி, இரண்டு உரிமப் பரீட்சைகள் என்று பாதை நீளுகிறது. பரலீகலுக்குச் சட்டச் சங்கம் ஏற்றுக்கொண்ட கல்லூரிப் படிப்பும், அதில் குறைந்தது 120 மணி நேரக் களப்பயிற்சியும், ஓர் உரிமப் பரீட்சையும், நன்னடத்தையும் வேண்டும். ஹம்பர், செனெக்கா முதலிய கல்லூரிகள் இதைக் கற்பிக்கின்றன. ஆனால் பரலீகல் உரிமம் சட்டத்தரணியாவதற்குக் குறுக்குவழி அன்று. பின்னர் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் மூன்றாண்டும் படித்தே ஆகவேண்டும். இதைப் பிள்ளைகள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு விடயம். நம் அங்கத்தவர் ஒருவர் நண்பருக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தார். தவணை தவறியது. கையெழுத்திட்ட கடிதம் பத்திரமாக இருந்தது. ஆங்கிலத்தில் நன்றாகப் பேசும் ஒருவர் வழக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார். அவரிடம் போகச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். இரண்டு வருடங்களுக்கு மேல் இழுத்தடித்தார். எதையும் தாக்கல் செய்யவில்லை. அவருக்கு உரிமமே இல்லையென்று பிறகுதான் அறிந்தோம். இத்தகைய கோரிக்கைக்கு ஒன்ராறியோவில் பொதுவான காலவரை 2 ஆண்டுகள். மூலவோலை கையில் இருந்தும் சபைக்குப் போகும் நாள் தவறிவிட்டது. இன்றும் அவர் கோயிலில் என்னைக் கண்டால் அன்பாகவே பேசுகிறார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

எனவே அங்கத்தவர்களுக்கு என் வேண்டுகோள். ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்குமுன் அவர் பெயர் சட்டச் சங்கத்தின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. அவருடைய கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். மூலப் பத்திரத்தை நீங்கள் வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுங்கள். போக்குவரத்துப் பொலிசார் தந்த அறிவித்தலுக்கு 15 நாளுக்குள் பதில் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மேடையில் நன்றாகப் பேசுவது மட்டும் சட்டத்துறைக்குப் போதாது. கடிதத்தைக் கடைசி வரி வரை வாசிக்கும் பொறுமை, திகதியை மறவாத ஒழுங்கு, கேட்ட இரகசியத்தைக் காக்கும் அடக்கம் இவை உடைய பிள்ளை எந்த வாசலால் போனாலும் நன்றாக வரும். தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது, மன்றத்தில் திகைத்து நிற்கும் ஒரு முதியவருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாயிடம் இதையே சொன்னேன். "அப்ப அவள் தானே நிண்டு கதைப்பாளோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். முகம் மலர்ந்து, மகளின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யப்போனார்.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதாக.