பென்ரனின் கோட்டோவியங்களில் உழைப்போர் உருவம்

மனித உருவை வரைதல் ஓவியப் பயிற்சியின் அடிப்படையாகும். உருவைக் கண்டவாறே வரைதல் வேண்டுமா, சித்திரத்தின் அமைப்புக்கேற்ப அதனைத் திரித்தலுந் தகுமா என்பது நெடுங்காலமாக எழுந்துவரும் வினா. அமெரிக்க ஓவியர் தோமஸ் ஹாட் பென்ரனின் (1889–1975) கோட்டோவியங்கள் இவ்வினாவை ஆராய்தற்குச் சிறந்த துணையாவன.

மிசூரி மாநிலத்து நியோஷோவிற் பிறந்த பென்ரன், சிக்காக்கோவிலும் பரிசிலும் ஓவியம் பயின்றவர். கிறான்ட் வூட், ஜோன் ஸ்ருவட் கறி என்பாரோடு பிரதேசவாத ஓவியர் மூவருள் ஒருவராக வைத்தெண்ணப்படுபவர். பரிசிற் கற்ற புதுநெறிகளிலிருந்து விலகித் தம் நாட்டு மக்களையே வரையத் தலைப்பட்டார். 1920ஆம் ஆண்டுகளிலே பல மாநிலங்களிலும் பயணஞ்செய்து, பருத்தி வயலிலும் சுரங்கத்திலும் உருக்காலையிலும் உழைப்போரை நேரிற் கண்டு பென்சிலால் வரைந்தார். பல படங்களுக்குப் பின்னர் மையூட்டினார்.

இவர் வரைந்த தொழிலாளர் காட்சிக்காக நிற்பவரல்லர். குனிந்த முதுகின் வளைவும், பாரந் தாங்கிய தோளின் சரிவும், ஊன்றிய காலின் இறுக்கமும் அவர் செய்யும் தொழிலை உணர்த்துகின்றன. முகத்தினும் முதுகே மிகுதியாகப் பேசுகின்றது எனலாம்.

இக்கோட்டோவியங்களே சுவரோவியங்களுக்கு மூலமாயின. ஓருறுப்புப் புடைத்து எழுமிடத்து அதனை அடுத்தது குழிந்து செல்லுதல் வேண்டும் என்பது பென்ரனின் கொள்கை. ஆதலின் அவர் சிறு களிமண் உருவங்களைச் செய்து, அவற்றில் ஒளியும் நிழலும் விழும் முறையை ஆராய்ந்த பின்னரே வண்ணந்தீட்டினார். 1930–31இல் நியூயோர்க் நகரத்து நியூ ஸ்கூல் என்னும் கல்லூரிக்கு அவர் தீட்டிய ‘இன்றைய அமெரிக்கா’ பத்துப் பகுதிகளையுடையது. அதன் உருக்குத் தொழிற் பகுதிக்கு அவர் மாணவர் ஜக்சன் பொலொக் மாதிரியாக நின்றார். 2012ஆம் ஆண்டில் இச்சுவரோவியம் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்கு வழங்கப்பட்டது.

ஆயினும், பென்ரனின் உருவங்கள், சிறப்பாகக் கறுப்பின மக்களின் உருவங்கள், கேலிச்சித்திரங்களே என 1935இல் ஓவியர் ஸ்ருவட் டேவிஸ் கடிந்துரைத்தார். நேரிற் கண்டு வரைந்தமை ஒன்றே இக்குற்றச்சாட்டுக்கு முழு விடையாகாது. கோட்டோவியத்திலே முதுகை வளைப்பது சுமை. சுவரோவியத்திலோ அதனை வளைப்பது சித்திரத்தின் அமைப்பு. முன்னையதில் நாம் காண்பவர் ஒரு தனிமனிதர். பின்னையதில் அவர் ஒரு வகையின் சின்னமாகி விடுகின்றார்.

ஆகவே, திரிபு என்பது தன்னளவிற் குற்றமன்று. அஃது எதன்பொருட்டு எழுந்தது என்பதே ஆராயத்தக்கது. பென்ரனின் பெருமையை அறிய விழைவோர் பெருஞ்சுவர்களை நோக்குமுன் அவருடைய சிறுதாள்களை நோக்குதல் நன்று.